பாதி டேங்க்கோடு நின்ற திருட்டு

உங்களிடம் வேலை செய்யும் ஒருவனைத் திருடன் என்று சொல்ல உங்களுக்கு எவ்வளவு ஆதாரம் வேண்டும்? கண்ணால் பார்த்திருக்க வேண்டுமா, கையோடு பிடித்திருக்க வேண்டுமா, இல்லை, அவன் உங்களைவிட ஏழையாக இருந்தாலே போதுமா?

ரொட்டித் தொழிற்சாலை முதலாளிக்கு மூன்றாவதே போதுமானதாக இருந்தது. அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். சம்பளத்தைத் தேதி தவறாமல் கொடுப்பார். யாருக்காவது உடம்பு சரியில்லை என்றால் வீட்டுக்குப் போகச் சொல்வார். ஆனால் தன்னுடைய பிக்கப் வண்டியில் நான்கு மாதமாகப் பெட்ரோல் காரணமில்லாமல் குறைகிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவர் புத்தி ஒரே திசையில்தான் ஓடியது. வண்டியை ஓட்டுகிறவன் ஒருவன். பெட்ரோல் குறைகிறது. அவ்வளவுதான், கணக்கு முடிந்தது.

முதலில் டேங்க் மூடிக்குப் பூட்டுப் போட்டார். சாவி அவர் இடுப்பில் தொங்கியது. பெட்ரோல் அப்போதும் குறைந்தது. கள்ளச்சாவி வைத்திருக்கிறான் என்றார். முற்றத்தில் கேமரா மாட்டினார். ஒரு வாரப் படத்தில் ஒரு பூனையும், கொட்டாவி விட்டபடி நடந்துபோகும் அவரும் மட்டுமே தெரிந்தார்கள். கேமராவுக்கே தெரியாமல் எடுக்கிறவன் லேசுப்பட்டவனா என்றார். குறி சொல்லும் ஒருவரிடம் போனார். குறிகாரர் நெடுநேரம் கண்ணை மூடியிருந்துவிட்டு, உங்கள் பக்கத்திலேயே இருக்கிற ஆள்தான் என்றார். பதினொரு பேர் பக்கத்திலேயே இருக்கும் இடத்தில் இதைச் சொல்லக் கண்ணை மூட வேண்டிய அவசியமே இல்லை.

ஒரு மெக்கானிக்கையும் கூட்டிவந்தார் என்பதை முதலாளியின் பக்கம் நின்று சொல்லத்தான் வேண்டும். அந்த மெக்கானிக் என்ஜினை ஓடவிட்டு, டார்ச்சோடு வண்டிக்கு அடியில் படுத்து, டேங்க்கிலிருந்து முன்பக்கம் வரை குழாயைக் கையால் தடவிப் பார்த்தார். எலும்பு மாதிரிக் காய்ந்து கிடக்கிறது, ஒரு சொட்டு ஈரம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்படியாக, டிரைவர் எடுக்கவில்லை என்பதற்கான ஒவ்வொரு சான்றும் அவன் கெட்டிக்காரத் திருடன் என்பதற்கான சான்றாக மாறிவிட்டது. இந்த வகை வலையில் மாட்டியவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் முடிச்சு இறுகும். புதன்கிழமை முதலாளி அவனைக் கூப்பிட்டுக் கெடு வைத்தார். சனிக்கிழமைக்குள் உண்மையை ஒப்புக்கொள்ள வேண்டும், அல்லது சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். அந்த வட்டாரத்தில் வண்டி வைத்திருப்பவர்கள் எல்லோரும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள். ஓரிடத்தில் பெட்ரோல் திருடன் என்று பெயர் விழுந்தால் இன்னோரிடத்தில் ஸ்டியரிங் கிடைக்காது. அவனுக்கு முப்பத்தெட்டு வயது. ஓட்டுவதைத் தவிர வேறு தொழில் தெரியாது.

அன்று சாயங்காலம் அவன் நேராகப் போனது தன் அண்ணியின் பட்டறைக்கு.

தெருக்கோடியில், பஞ்சர் கடைக்கும் பூட்டிக் கிடக்கும் ஒரு கிடங்குக்கும் நடுவே, இரண்டு வண்டி நிற்கும் அகலத்தில் தகரக் கூரை போட்ட பட்டறை அது. உள்சுவரில் ஒரு பலகை. ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் உருவத்தைப் பெயின்டால் வரைந்து, அதன் மேல் ஆணியில் அந்த ஸ்பானரை மாட்டியிருப்பார்கள். எடுத்ததைத் திருப்பி மாட்டாவிட்டால் வெற்று உருவம் பல்லை இளிக்கும். முன்பக்கம் ஒரு தையல் மெஷின். அதில் டிரைவரின் அண்ணன் வண்டிகளுக்கு சீட் உறை தைத்துக்கொண்டிருப்பார். உள்ளே என்ஜின், கியர், பிரேக் எல்லாம் அண்ணி. தெருவில் அவளைப் பட்டறைக்காரி என்பார்கள். வண்டி கெட்டுப்போனவர்கள் மட்டும் அக்கா என்பார்கள்.

பட்டறைக்காரிக்கு நாற்பத்தாறு வயது. தொழிற்பள்ளியில் மோட்டார் பிரிவில் படித்த ஒரே பெண். பஸ் டிப்போவில் பதினொரு வருடம் வேலை பார்த்தாள். அங்கே தினமும் காலையில் ஒரு காகிதம் வரும், இன்னின்ன பஸ்களின் பிரேக் சோதிக்கப்பட்டது என்று. எல்லோரும் வரிசையாகக் கையெழுத்துப் போடுவார்கள். ஒருநாள் அவள் போர்மேனிடம், "நாற்பது பஸ், ஒரு மணி நேரம். எங்கே பார்த்தீங்க, எப்படிப் பார்த்தீங்க?" என்று கேட்டாள். மறுவாரமே அவளை ஸ்டோருக்கு மாற்றிவிட்டார்கள். நட்டு எண்ணும் வேலை. ஆறு மாதம் எண்ணினாள். பிறகு வேலை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வந்து இந்தத் தகரக் கூரையைப் போட்டாள்.

அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவள் நாக்கிலேயே தங்கிவிட்டது. என்ஜினில் ஏதோ சத்தம் கேட்கிறது என்றால், "ஏதோன்னா என்ன? கடகடன்னா, கிறீச்சுன்னா?" என்பாள். அந்த எண்ணெய் ஊற்றினால் மைலேஜ் கூடுமாம் என்றால், யார் அளந்தது என்பாள். வீட்டில் சாம்பாரில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லக்கூட அவள் கணவர் இரண்டு முறை ருசி பார்த்துவிட்டுத்தான் வாயைத் திறப்பார்.

கொழுந்தன் வாசலில் செருப்பைத் தேய்த்துக்கொண்டு நின்றான்.

"அண்ணி, திருடன் ஒருத்தன் வந்திருக்கேன். உள்ள வரலாமா?"

"திருடன்னா பின்பக்கமா வரணும். நீ ஒழுங்கா முன்வாசல்ல வந்து நிக்கறே. தொழிலே தெரியலையே தம்பி உனக்கு."

அவன் சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. டயர் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். முதலாளி சொன்னதைக்கூட அவன் பெரிதாகச் சொல்லவில்லை. ரொட்டியை உறையில் போடும் பெண்கள் தங்கள் கைப்பைகளை வாசல் பக்கத்து அலமாரியில்தான் இத்தனை வருடமும் வைத்திருந்தார்கள். இந்த வாரம் அலமாரி காலியாக இருக்கிறது. பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டே வேலை பார்க்கிறார்கள். அதைத்தான் அவன் இரண்டு முறை சொன்னான்.

பட்டறைக்காரி ஆறுதல் சொல்லவில்லை. அவளுக்கு அது வராது. கேள்விதான் கேட்டாள். எந்த நேரத்தில் குறைகிறது? வண்டி நிற்கும்போது. மத்தியானம் சப்ளை முடித்து நிறுத்தும்போது இருக்கும் அளவு, விடிந்து பார்த்தால் இருப்பதில்லை. தினமுமா? தினமும் இல்லை. டேங்க் நிரப்பிய மறுநாள் நன்றாகத் தெரியும். அதற்கு அடுத்த நாளும் தெரியும். முள் பாதிக்கு வந்துவிட்டால் அதற்குமேல் குறையாது, எத்தனை நாள் நிறுத்திவைத்தாலும்.

அவள் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தாள்.

"பாதியில நின்னுடுமா? ஒவ்வொரு தடவையும்?"

"ஒவ்வொரு தடவையும்."

மெஷினை நிறுத்தாமலே அண்ணன் சொன்னார்: "நேர்மையான திருடன்டா. உனக்குப் பாதி எனக்குப் பாதின்னு பங்கு போட்டிருக்கான்."

இதை முதலாளியிடம் சொன்னாயா என்று அண்ணி கேட்டாள். சொன்னேன் என்றான். முழுதாக எடுத்தால் மாட்டிக்கொள்வோம் என்று பாதியோடு நிறுத்திக்கொள்ளும் அளவுக்கு அவன் தந்திரசாலி என்பது முதலாளியின் பதில்.

மேடு ஏறும்போது என்ஜின் இருமுகிறதா என்று கேட்டாள். லேசாக, ஒன்றிரண்டு முறை என்றான். அவள் முகம் தெளிந்துவிட்டது. தரையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, நடுப்பகுதியில் ஆணியால் ஓர் ஓட்டை போட்டு, தண்ணீர் நிரப்பிக் காட்டினாள். ஓட்டைக்கு மேலே இருந்த தண்ணீர் வெளியே போயிற்று. கீழே இருந்தது அப்படியே நின்றது. டேங்க்கில் பாதி உயரத்துக்குச் சமமான இடத்தில் எங்கேயோ குழாயில் விரிசல். அதற்கு மேலே பெட்ரோல் இருந்தால் சொட்டும், கீழே போனால் சொட்டாது. அப்படியென்றால் அந்த மெக்கானிக் பார்த்தபோது ஏன் காய்ந்திருந்தது? என்ஜின் ஓடும்போது பம்ப் பெட்ரோலை உறிஞ்சுகிறது. விரிசல் விட்ட உறிஞ்சுகுழலில் ஜூஸ் குடித்தால் ஜூஸ் வெளியே வராது, வெளிக்காற்றுத்தான் உள்ளே போகும். அந்தக் காற்றுத்தான் மேட்டில் இருமுகிறது. என்ஜினை நிறுத்தினால்தான் குழாய் ஒழுகும். அந்த மனிதர் ஓடவிட்டுப் பார்த்திருக்கிறார்.

"எங்க அண்ணி ஒழுகும்?" என்றான் கொழுந்தன்.

டேங்க் பக்கத்து இரும்புக்குழாய் துருப்பிடித்திருக்கும் என்றாள். நடுவில், பின் அச்சுக்கு மேலே இருக்கும் ரப்பர் துண்டாக இருக்கலாமோ என்று அவன் இழுத்தான்.

"அது இருக்காது. அதைப் போட்டதே நான்தான். ஒண்ணரை வருஷம்கூட சரியா ஆகல."

வியாழக்கிழமை டேங்க் நிரப்பும் நாள். மத்தியானம் இரண்டு மணிக்கு அவள் கருவிப் பையோடு தொழிற்சாலை முற்றத்தில் நின்றாள். முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். சொந்தக்காரர்கள் கொடுக்கும் சர்டிபிகேட் இங்கே செல்லாது என்றார். சர்டிபிகேட் கொடுக்க வரவில்லை, காட்டத்தான் வந்திருக்கிறேன், கண் உங்களுடையது, நீங்களே பாருங்கள் என்றாள் அவள்.

முதல் வேலையாக வண்டியை அந்த இடத்திலிருந்து நகர்த்தச் சொன்னாள். அது வழக்கமாக நிற்கும் இடத்திலிருந்து அடுப்பறைக் கதவு பன்னிரண்டு அடி. தரை முழுவதும் சரளைக்கல். சொட்டியது எல்லாம் கல்லுக்கு நடுவே இறங்கி, ஆவியாகிப் போயிருக்கிறது. ஓரத்தில் ஜெனரேட்டரும் அதன் பெட்ரோல் கேனும் இருந்ததால் அந்த முற்றத்தில் பெட்ரோல் வாடை யாருக்கும் புதிதாகத் தெரியவில்லை. அடுப்புக்காரர் இடைவேளையில் வந்து, அந்தப் பின்சக்கரத்தில் சாய்ந்துகொண்டுதான் சிகரெட் பிடிப்பாராம். நான்கு மாதமாக அந்த இடம் பற்றிக்கொள்ளவில்லை என்றால் அது யாருடைய அருளும் இல்லை. காற்று வேறு பக்கம் வீசியிருக்கிறது, அவ்வளவுதான். தீயணைப்பானைக் கொண்டுவாருங்கள் என்றாள். அலுவலக அறையில் கதவுக்குப் பின்னால் ஒன்று இருந்தது. அதன் தேதி முடிந்து நான்கு வருடம். கேமராவுக்குத் தேதி முடியவில்லை. அது புத்தம்புதிதாக எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் இரண்டு வாளி மணல் வந்தது.

நான்கு பேர் சேர்ந்து வண்டியைக் கேட் பக்கத்துச் சிமென்ட் தரைக்குத் தள்ளினார்கள். அவள் பேட்டரி ஒயரைக் கழற்றினாள். ரொட்டித் தட்டுகளில் விரிக்கும் பழுப்புக் காகிதத்தைக் கேட்டு வாங்கி, முன் அச்சிலிருந்து டேங்க் வரை வண்டிக்கு அடியில் விரித்தாள். பிறகு கைகட்டி உட்கார்ந்துவிட்டாள்.

இருபது நிமிடம் போயிற்று. காகிதம் அப்படியே இருந்தது. முதலாளியின் உதட்டோரம் லேசாக மேலே போயிற்று. முப்பத்தைந்து நிமிடத்தில் டிரைவர் கேபினுக்குப் பின்னால் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு அது ஒரு பன் அளவுக்கு ஆயிற்று. முதலாளி குனிந்து பார்த்தார். என்ஜின் ஆயிலாக இருக்கும் என்றார். பட்டறைக்காரி காகிதத்தை உருவி அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள். அவர் மோந்து பார்த்து, தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். டிரைவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கேட்டைப் பார்த்தான்.

அதற்குள் உறை போடும் பெண்கள் வாசலில் கூடிவிட்டார்கள். அடுப்புக்காரரும் வந்துவிட்டார், சட்டைப்பையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தபடி.

ஒழுகுகிறது என்பது முடிந்தது. எங்கே ஒழுகுகிறது என்பது வேறு விஷயம். சொட்டு விழும் இடத்தில்தான் ஓட்டை இருக்கும் என்று நினைப்பவர்கள்தான் அதிகம். பெட்ரோல் அப்படி நடந்துகொள்வதில்லை. விரிசலிலிருந்து வெளியே வந்து, குழாயின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து போய், எங்கே தாழ்கிறதோ அங்கேதான் கீழே விழும். அவள் உறை போடும் பெண்களில் மூத்தவளிடம் ஒரு கிண்ணம் மாவு கேட்டாள்.

"பூரி சுடப் போறியாம்மா வண்டிக்கடியில?" என்றாள் அந்த அம்மா. கேட்டுக்கொண்டே மாவையும் ஒரு சல்லடையையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

பட்டறைக்காரி அடியில் படுத்து, குழாய் முழுவதையும் துணியால் துடைத்துக் காயவிட்டு, அதன் மேல் மாவை மெல்லியதாகத் தூவினாள். டேங்க் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டே வந்தாள். அவள் சந்தேகப்பட்ட இரும்புக்குழாய் வெள்ளைவெளேர் என்று இருந்தது. துரு இருந்தது, ஈரம் இல்லை. இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்ந்தாள். பின் அச்சுக்கு மேலே குழாய் மேடேறி இறங்கும் இடம். இரண்டு இரும்புக்குழாய்களை இணைத்து ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் ஹோஸ். அதன் ஓரத்தில் மாவு பசையாகிக் கிடந்தது.

ஹோஸின் இரண்டு முனையிலும் அதை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப். கிளாம்ப் திருகின் தலையில் ஒரு மஞ்சள் புள்ளி.

அந்த மஞ்சள் புள்ளி அவளுடையது. இறுக்கிய திருகை இறுக்கினோமா இல்லையா என்று பிறகு சந்தேகம் வரக்கூடாது என்பதற்காக ஒவ்வொன்றின் தலையிலும் அவள் வைக்கும் பொட்டு. ஹோஸைக் கட்டைவிரலால் அழுத்தினாள். ரப்பர் மாதிரி அமுங்கவில்லை. பழைய பிஸ்கட் மாதிரி இருந்தது. விரலில் கறுப்பு ஒட்டியது. நெடுக்காக மயிரிழை விரிசல்கள். ஹோஸைச் சுற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்தாள். பெட்ரோலுக்கான ஹோஸ் என்றால் அதன் உடம்பில் அப்படி என்று அச்சடித்திருக்கும், எவ்வளவு அழுத்தம் தாங்கும் என்பது உட்பட. இதில் ஓர் எழுத்தும் இல்லை. மொழுமொழுவென்று இருந்தது.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. வழக்கமான ஹோஸ் தீர்ந்துபோயிருந்தது. உதிரிபாகக் கடைக்காரர் வேறொரு சுருளைத் தூக்கி மேஜையில் போட்டு, "எல்லாத்துக்கும் ஓடும்க்கா. தண்ணி, காத்து, பெட்ரோல், எதுக்கு வேணும்னாலும் போடலாம்" என்றார். அவள் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். தடிமனாக இருந்தது. பத்து மீட்டர் வாங்கினாள். நாற்பது பஸ்ஸின் பிரேக்கை எங்கே பார்த்தீங்க என்று கேட்டவள், இது எங்கே எழுதியிருக்கிறது என்று அந்தக் கடைக்காரரைக் கேட்கவில்லை. நேற்று கொழுந்தன் அந்த ரப்பர் துண்டைச் சொன்னபோதும், அது இருக்காது என்று சொல்ல அவளிடம் இருந்த ஒரே ஆதாரம், அதைப் போட்டது அவள் என்பதுதான். முதலாளி டிரைவரைத் திருடன் என்று சொல்ல வைத்திருந்த ஆதாரத்தைவிட இது எந்த விதத்தில் உயர்ந்தது?

படுத்த இடத்திலிருந்து அவளுக்கு வெளியே கால்கள் மட்டும் தெரிந்தன. முதலாளியின் பாலிஷ் போட்ட ஷூ. பெண்களின் செருப்புகள். கொழுந்தனின் தேய்ந்த செருப்பு, தள்ளி, தனியாக.

அவள் பையில் நல்ல ஹோஸ் இருந்தது. கெட்டதை அறுத்துப் பையில் போட்டுக்கொண்டு, புதியதை மாட்டி, வெளியே வந்து பழைய குழாய் இற்றுப்போச்சு என்று சொன்னால் போதும். அது பொய்கூட இல்லை. கொழுந்தனுக்கு வேலை மிஞ்சும், அவளுக்குப் பெயர் மிஞ்சும். இருபத்து மூன்று வயது வண்டியில் எது இற்றுப்போனால்தான் யாருக்கு ஆச்சரியம்?

"என்னம்மா, கிடைச்சுதா?" என்றார் முதலாளி.

அவள் வெளியே வந்தாள். தலைமுடியில் மாவு. மெதுவாக எழுந்து நின்றாள்.

"கிடைச்சுது சார். இந்த ஹோஸ்தான். இது தண்ணிக்குப் போடற ஹோஸ். பெட்ரோல் பட்டா விரிசல் விட்டுடும். பதினேழு மாசத்துக்கு முன்னாடி இதைப் போட்டது நான். என்னன்னு பார்க்காமப் போட்டுட்டேன்."

கொழுந்தன் அவளையே பார்த்தான். முதலாளிக்குத்தான் முதலில் நாக்கு திரும்பியது.

"ஆக, கொழுந்தன் எடுக்கல, அண்ணி நீ கொட்டியிருக்கே. எப்படிப் பார்த்தாலும் என் பெட்ரோலைத் தின்னது உங்க குடும்பம்தான்."

"பெட்ரோலுக்கு என்னைக் கேளுங்க, பதில் சொல்றேன். திருடன்னு சொன்னதுக்கு நீங்க பதில் சொல்லணும்."

முதலாளி தொண்டையைச் செருமினார். அவசரத்தில் ஏதோ தப்பாக நினைத்துவிட்டதாகவும், இந்தக் காலத்தில் யாரை நம்புவது என்றே தெரிவதில்லை என்றும் அவளைப் பார்த்துச் சொன்னார்.

"நான் இல்ல சார். அவர் அந்தப் பக்கம் நிக்கறார்."

முதலாளி திரும்பினார். டிரைவருக்கும் அவருக்கும் நடுவே இருந்த டயரைப் பார்த்து, சரிப்பா, மனசுல வச்சுக்காதே என்றார். டயர் ஒன்றும் சொல்லவில்லை. மாவு கொடுத்த அம்மாதான், "முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க முதலாளி, அவன் என்ன காத்தா போயிடுவான்" என்று முணுமுணுப்பதுபோல் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவர் இரண்டாம் முறை சொன்னார். இந்த முறை முகத்தைப் பார்த்து, பாதிக் குரலில்.

அதன்பிறகு வேலைதான். டேங்க் பக்கத்திலிருக்கும் ரப்பர் குழாயை இரண்டு மரக்கட்டைகளுக்கு நடுவே வைத்து நெரித்து, பெட்ரோல் வருவதை நிறுத்தினாள். குழாயில் தங்கியிருந்ததைத் தகர டப்பாவில் பிடித்தாள். கெட்ட ஹோஸைக் கத்தியால் நெடுக்காகக் கீறி உரித்தாள். இரும்புக்குழாயின் இரண்டு முனையையும் விரலால் சுற்றிவந்து பார்த்து, துருவை உப்புக்காகிதத்தால் தேய்த்து, துடைத்தாள். புதிய ஹோஸை வெளியே எடுத்ததும், மாட்டுவதற்கு முன்னால் முதலாளியிடம் கொடுத்து, அதன் மேல் அச்சடித்திருப்பதைச் சத்தமாகப் படிக்கச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிப் படித்தார். பிறகு கிளாம்ப், இறுக்கம், மஞ்சள் பொட்டு. பேட்டரியை இணைத்து என்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினாள். புதிய காகிதம் விரித்து, இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தாள். சொட்டு இல்லை. அப்போதும் எழுந்திருக்கவில்லை. மேலும் அரை மணி நேரம் இருந்துவிட்டுத்தான் காகிதத்தைச் சுருட்டினாள்.

கேட் வரை கூட வந்த கொழுந்தன், சொல்லாமலே இருந்திருக்கலாமே அண்ணி என்றான். முதலாளி பத்து இடத்தில் சொல்வார், பட்டறைக்கு வருகிறவர்கள் யோசிப்பார்கள்.

"தம்பி, அந்தச் சுருள்ல பத்து மீட்டர் இருந்துச்சு. உன் வண்டிக்கு ஒரு சாண் போச்சு. மீதி எங்க போச்சுன்னு யோசிச்சியா?"

அவன் யோசித்தான். பிறகு அவள் பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

முதலாளி பத்து இடத்தில் சொன்னார். இரண்டு வாடிக்கைக்காரர்கள் வண்டியை வேறு பட்டறைக்கு மாற்றிக்கொண்டார்கள். அவள் அவர்களைக் குறை சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் உறை போடும் பெண்களின் பைகள் வாசல் அலமாரிக்குத் திரும்பின.

அதே வெள்ளிக்கிழமை பட்டறைக்காரி வேலை எதையும் எடுக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த சுருளை இறக்கி அளந்தாள். ஏழு மீட்டர் மிச்சம். கொஞ்சம் ரேடியேட்டர் தண்ணீருக்குப் போயிருந்தது, அது தப்பில்லை. பெட்ரோலுக்குப் போட்ட வண்டிகள் எத்தனை? அவளுக்கு ஞாபகம் இருந்தவை நான்கு. அவளுக்கு வண்டியின் கோளாறுதான் நினைவில் நிற்கும், வண்டிக்காரர் நிற்க மாட்டார். கணவருக்கு அப்படி இல்லை. எந்த வண்டிக்கு என்ன துணியில் உறை தைத்தார் என்பது அவருக்கு மனப்பாடம். "நீலக்கோடு போட்ட சீட், அந்தக் கறிக்கடைக்காரர் வண்டி. ரெண்டு நாள் இங்கயே நின்னுச்சே. அதுக்கு நீ பெட்ரோல் குழாய் மாத்தினே" என்று ஒவ்வொன்றாக எடுத்துக்கொடுத்தார். எல்லாம் சேர்ந்து ஒன்பது வண்டி.

அடுத்த இரண்டு வாரமும் காலையில் கணவரின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து, மடியில் கருவிப் பையோடு, ஒவ்வொருவராகத் தேடிப் போனாள். போய் நின்று, நான் போட்டது தப்பான ஹோஸ், மாற்ற வந்திருக்கிறேன் என்றாள். ஒருவர் கூலி கேட்பாளோ என்று சந்தேகப்பட்டார். இன்னொருவர் கதவைச் சாத்தினார். அவள் வாசலில் உட்கார்ந்துகொண்டாள். ஒரு மணி நேரம் கழித்து அவர் சாவியைக் கொண்டுவந்து கொடுத்தார். எட்டு வண்டி முடிந்தது. அதில் மூன்றில் ஹோஸ் ஏற்கெனவே விரிசல் விட்டிருந்தது. ஒன்றில் பெட்ரோல் நேராகச் சூடான சைலன்சர் பக்கம் சொட்டிக்கொண்டிருந்தது. அந்த வண்டியில்தான் அதன் உரிமையாளர் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விடுவார்.

ஒன்பதாவது வண்டி மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. சாம்பல் நிறப் பழைய பிக்கப். வழியில் நின்றுபோனதால் இழுத்துக்கொண்டு வரப்பட்டது. மரச்சாமான் ஏற்றியிருந்தது. ஓட்டிவந்தவர் முன்பல் உடைந்தவர், பேர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. சீட்டில் பச்சைக் கட்டம் போட்ட உறை. ஹோஸ் கிளாம்பில் மஞ்சள் பொட்டு இருக்கும். கடைக்காரரிடம் அந்தச் சுருளிலிருந்து வாங்கிப் போன வேறு பட்டறைகள் எத்தனை என்று கேட்டாள். எனக்கெப்படித் தெரியும் என்றார் அவர். மீதிச் சுருள் அவர் கடையில் அப்போதும் தொங்கிக்கொண்டிருந்தது.

ஆகவே இதைப் படிப்பவர் பழைய வண்டி ஒன்று வைத்திருந்தால், அல்லது பழைய வண்டியில் வேலைக்குப் போகிறவராக இருந்தால், நாளைக் காலையில் கிளம்புவதற்கு முன், என்ஜினைத் தொடாமல், சிகரெட்டும் தீக்குச்சியும் இல்லாமல், ஒரு டார்ச்சோடு குனிந்து பெட்ரோல் குழாயின் ரப்பர் பகுதியைப் பாருங்கள். அதன் மேல் எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். மொழுமொழுவென்று இருந்தால் அந்த வண்டியை எடுக்காதீர்கள். யார் போட்டது, எவ்வளவு நல்லவர் போட்டது என்பதெல்லாம் பிறகு. முதலில் அதை மாற்றுங்கள்.